மதாம் கடிகாரத்தில் ஆறரை ஆகவில்லை

அநியாயம் செய்யப்பட்டவள் பெயர் அஞ்சலாட்சி. நாகப்பட்டினத்துப் பக்கிரிசாமியின் மகள், விலங்கியல் முதுகலை இரண்டாம் ஆண்டு, எங்கள் அறையில் ஜன்னலோரக் கட்டில் அவளுடையது. அவளுக்குச் செய்யப்பட்ட அநியாயம் என்னவென்றால், நேரத்துக்கு வந்தவளை நேரம் தவறியவள் என்று வாசலில் நிறுத்தி, அந்தப் பொய்யை அவள் கையாலேயே எழுதித் தரச் சொன்னார்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் புதுச்சேரியில் பொழுது சாயாமல் நின்ற கதையைச் சொல்கிறவர்கள் எல்லோரும் சூரியனில் தொடங்குகிறார்கள். சூரியனுக்கு யாரும் எந்த அநியாயமும் செய்யவில்லை.

எங்கள் விடுதி கடற்கரைச் சாலையிலிருந்து இரண்டு தெரு உள்ளே தள்ளி இருக்கிறது. மதாம் எலுவீஸ் என்கிற பிரெஞ்சுக்காரி இந்த ஊரைவிட்டுக் கப்பலேறும்போது, படிக்க வருகிற பெண்கள் தங்கட்டும் என்று விட்டுப்போன மஞ்சள் மாளிகை அது. மாளிகையோடு சேர்த்துத் தன் கைக்கடிகாரத்தையும் விட்டுப்போனார். பாரிஸ் நகைப்பட்டறையில் செய்தது. முகம் புளியங்கொட்டையைவிடச் சிறியது. தங்கத் தகட்டில் கதிர் கதிராகக் கோடு கீறி, அதன்மேல் நீலக் கண்ணாடிப் பொடியைத் தூவி உலையில் உருக்கி, ஆறவைத்து, மறுபடி தூவி மறுபடி உருக்கி, கோடுகள் நீலத்துக்கு அடியில் தண்ணீருக்குள் கிடக்கும் மணல்வரிபோலத் தெரிகிறவரை விடாமல் செய்திருந்தார்கள். சுற்றிலும் கடுகளவு வைரங்கள், அவற்றைப் பிடித்திருக்கும் பிளாட்டின விளிம்பில் ஊசிமுனைப் புள்ளிகள், தீயில் வாட்டி நீலமாக்கிய இமைமயிர் போன்ற முட்கள், பொன்னிழையைக் கூந்தல்போலப் பின்னிய கைப்பட்டை, அதன் கொக்கியில் உற்றுப் பார்த்தால் மட்டும் தெரிகிற, பிரெஞ்சுத் தங்கத்துக்குக் குத்துகிற கழுகுத் தலை முத்திரை. சாவி கொடுக்கும் திருகு மட்டும் எங்கும் தென்படாது. பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருந்தால் நகைக்கு அழகில்லை என்று அதை முதுகுப்புறம், மணிக்கட்டோடு ஒட்டுகிற இடத்தில் தட்டையாகப் பதித்திருந்தார்கள். முகத்துக்கு ஒரு மூடியும் உண்டு, அந்தக் காலத்துச் சீமாட்டி விருந்தில் உட்கார்ந்துகொண்டு மணி பார்ப்பது மரியாதை இல்லையாம்.

"பாருடி, எவ்வளவு திறமை!" என்று நான் அந்தக் கண்ணாடிப் பெட்டியைத் தட்டித் தட்டி அஞ்சலாட்சியிடம் சண்டை போட்டிருக்கிறேன். "இவ்வளவு திறமையும் எதுக்கு? பொம்பளை மணி பார்க்கிறது வெளிய தெரியக் கூடாதுன்னு. முள்ளைத் திருத்தணும்னா கையிலேர்ந்து கழட்டணும். கட்டியிருக்கிறவ தன் நேரத்தைத் தானே திருத்திக்க முடியாது. கடிகாரம் குடுத்தானுங்க, நேரம் குடுக்கல."

"ஆனா அழகா இருக்குல்ல?" என்பாள் அவள்.

இருந்தது. என் கோபமே அதுதான்.

தினமும் சாயங்காலம் எங்கள் வார்டன் பத்மாசனி மேடம் அந்தப் பெட்டியைத் திறந்து, கைக்குட்டையால் துடைத்து, கடிகாரத்தைத் தன் மணிக்கட்டில் கட்டிக்கொண்டு கேட்டுக்குப் போவார். ஆறரைக்குக் கேட் மூடும். அது சர்ச் மணியின் ஆறரை அல்ல, செல்போன் ஆறரை அல்ல, மதாம் ஆறரை. நம் வீடுகளில் சுவர்க் கடிகாரத்தைப் பத்து நிமிடம் தள்ளிவைக்கிற பழக்கம் இருக்கிறதல்லவா, பஸ் தவறக் கூடாது, பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குப் பிந்தக் கூடாது என்று. அதே பழக்கத்தில் ஒரு வார்டன் பாதுகாப்புக்காகக் கொஞ்சம் தள்ளிவைத்தார், அடுத்து வந்தவர் அது தெரியாமல் தானும் பாதுகாப்புக்காகக் கொஞ்சம் தள்ளிவைத்தார், அதற்கடுத்தவர் அதற்குமேல், இப்படிப் பாதுகாப்புமேல் பாதுகாப்பு ஏறி, மதாம் ஆறரை ஊர் ஆறரைக்கு எவ்வளவு முன்னால் ஓடுகிறது என்று யாருக்கும் தெரியாமல் போயிற்று. பையன்கள் விடுதிக்கு மூடுகிற கேட் கிடையாது. ஆகவே அங்கே கடிகாரமும் தேவைப்படவில்லை.

அந்தத் திங்கட்கிழமை அஞ்சலாட்சி ஆய்வுக்கூடத்திலிருந்து பஸ் பிடித்து, இறங்கி, ஓடாமல் நடந்து கேட்டுக்கு வந்தபோது கேட் மூடியிருந்தது. அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற பிறகுதான் சர்ச்சில் ஆறரை மணி அடித்தது. நாங்கள் எல்லோரும் மாடியிலிருந்து கேட்டோம், தெருவே கேட்டது. பத்மாசனி மேடம் அலுவலக ஜன்னலைத் திறந்து, எல்லா ஊரிலும் எல்லாப் பெண்ணிடமும் கேட்கப்படுகிற அந்தக் கேள்வியைக் கேட்டார்:

"மணி என்ன ஆச்சுன்னு தெரியுமா?"

பதில் சொல்ல அவள் வாயைத் திறப்பதற்குள் ஜன்னல் மூடிக்கொண்டது. தெருவில் போகிறவர்கள் எல்லாம் பார்த்துவிட்டுப் போகட்டும் என்று நிற்கவைத்து, அப்புறம் உள்ளே விட்டு, ஒரு வெள்ளைத்தாளை நீட்டினார்கள். தாமதமாக வந்தேன், வெளியே சுற்றினேன், மன்னிக்கவும் என்று எழுதித் தந்தால் அறை உண்டு, இல்லையென்றால் இல்லை. அறை இல்லாவிட்டால் படிப்பும் இல்லை, இந்த ஊரில் அவளுக்கு வேறு கூரை கிடையாது.

"எழுதிக் குடுத்துட்டுப் போயேன்டி," என்றாள் பக்கத்துக் கட்டில்காரி. "ஒரு தாளு. யாரு படிக்கப்போறா?"

"நான் படிப்பேனே," என்றாள் அஞ்சலாட்சி. தாள் வெள்ளையாகவே இருந்தது.

மறுநாள் சாயங்காலம் மதாம் கடிகாரத்தில் ஆறரைக்கு ஒரு நிமிடம் இருக்கும்போது, "ஆறரை ஆகிறதுக்குள்ள வெளிய போயிடு" என்று பத்மாசனி மேடம் அவளையும் அவள் டிரங்குப் பெட்டியையும் வாசலுக்கு வெளியே அனுப்பினார். அவள் அப்பாவுக்குக் கடிதம் மத்தியானமே தபாலில் போய்விட்டது. ‘தங்கள் மகள் இரவில் விடுதிக்கு வெளியே தங்கியதால் பெயர் நீக்கப்படுகிறது.’ இரவு வருவதற்கு முன்பே எழுதப்பட்ட இரவு அது. இந்த நாட்டில் விளக்கு வைக்கிற நேரத்தில் பக்கத்து வீட்டுக்கு உப்புகூடக் கொடுக்க மாட்டார்கள், வீட்டிலிருந்து ஒரு பொருளை வெளியே விட மாட்டார்கள். அந்த நேரம் பார்த்து ஒரு பெண்ணை வெளியே தள்ளினார்கள். அவள் டிரங்கைத் தலையில் வைத்துக்கொண்டு கடற்கரைக்குப் போய், கல்வரிசைமேல் உட்கார்ந்தாள்.

ஆறரை ஆகவில்லை.

வாட்ச்மேன் கோதண்டம் அண்ணன் சங்கிலியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். "மூடுய்யா" என்றார் மேடம். "ஆறரை ஆகட்டும் மேடம், நீங்கதானே ரூல்ஸ் சொன்னீங்க" என்றார் அவர். மேடம் கடிகாரத்தைப் பார்த்தார், காதில் வைத்துக் கேட்டார், அது நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது, முள்தான் நகரவில்லை. செல்போன்களில் மணி காட்டிய இடத்திலேயே நின்றது, சர்ச் மணிக்காரர் கயிற்றுக்குப் பக்கத்தில் காத்து நின்றார், ஊருக்கு மேற்கே தண்ணீர்த்தொட்டியின் தோளில் தாடையை வைத்துக்கொண்டு சூரியன் நின்றது.

ஊர் முதலில் பஜ்ஜி சாப்பிட்டது. சாயங்காலம் என்றால் பஜ்ஜிதானே; வாழைக்காய் தீர்ந்து வெங்காயம் தீர்ந்து, கடைசியில் அப்பளத்தை மாவில் முக்கிப் போட்டார்கள். பிறகு ஊர் வெளிச்சத்திலேயே ஜன்னலுக்குப் போர்வையைத் தொங்கவிட்டுத் தூங்கியது, எழுந்தது, அதே சாயங்காலத்தில் பல் விளக்கியது. பூக்காரிகள் கட்டிய மல்லிகை மொட்டு மொட்டாகவே இருந்தது, வாடாத சரக்கு கிடைத்தால் வியாபாரி ஏன் புகார் சொல்லப்போகிறாள்? மின்வாரியம் தெருவிளக்குச் செலவு மிச்சம் என்று சும்மா இருந்தது. காக்கைகள் கூட்டுக்குப் போகலாமா வேண்டாமா என்று மரத்துக்கும் வானத்துக்கும் இடையே சுற்றின. அந்தி நேரத்துக் கொசு மட்டும் வந்தது வந்தபடி நின்று கடித்தது, அதற்கு மட்டும் ஊர் ஒன்றுகூடி வருத்தப்பட்டது. எங்கள் ஊர் எல்லை தெரியுமல்லவா, ஒரே தெருவின் இந்தப் பக்கம் புதுச்சேரி, அந்தப் பக்கம் தமிழ்நாடு. அந்தப் பக்கம் ராத்திரி வந்து விடிந்து மறுபடி ராத்திரி வந்தது, இந்தப் பக்கம் மஞ்சள் வெயில் அசையாமல் நின்றது, தெருவின் நடுவே கோடு போட்டதுபோல இருட்டும் வெளிச்சமும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன. சென்னைப் பேப்பர் புதுப் புதுத் தேதியோடு வந்தது. எங்களுக்கு அதே செவ்வாய்க்கிழமை.

இதன் பொருளை முதலில் கண்டுபிடித்தவர்கள் விஞ்ஞானிகள் அல்ல, ஜவுளிக்கடையில் புடவை விரித்துப் போடுகிற பெண்கள். ‘இருட்டுறதுக்குள்ள வந்துடணும்’ என்று வீட்டில் சொல்லி அனுப்பப்பட்டவர்கள் அவர்கள். வேலை முடிந்து வெளியே வந்து பார்த்தார்கள்; இருட்டவில்லை. கடற்கரைக்குப் போனார்கள், இருட்டவில்லை. ஐஸ்கிரீம் தின்றார்கள், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தார்கள், ஒருத்தி வாழ்நாளில் முதல்முறையாகக் காரணம் ஏதும் இல்லாமல் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தாள், அப்போதும் இருட்டவில்லை. அப்புறம் ஊரில் ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொருத்தியும் "இருட்டுறதுக்குள்ள வந்துடறேன்" என்று உண்மையாகச் சத்தியம் பண்ணிவிட்டு வெளியே கிளம்பினாள். எங்கள் கேட்டும் மூடாததால் நாங்களும் கிளம்பினோம். எல்லைத் தெருவின் அந்தப் பக்கத்துப் பெண்கள் தங்கள் இரவிலிருந்து எங்கள் சாயங்காலத்துக்குள் கோட்டைத் தாண்டிக் குதித்தார்கள்.

"சாப்பாடு எப்போ?" என்று போன் பண்ணிக் கேட்ட ஆண்களுக்கு, "இருட்டட்டும், வர்றேன்" என்று பதில் போயிற்று. பல வீடுகளில் ஆண்கள் ரசம் வைக்கக் கற்றுக்கொண்டார்கள். சில வீடுகளில் கற்றுக்கொள்ளாமல் மெலிந்தார்கள்.

கல்வரிசையில் டிரங்குமேல் உட்கார்ந்திருந்த அஞ்சலாட்சிக்கு, பக்கத்தில் கூடையை இறக்கிவைத்த மீன்காரப் பேரின்பம் அக்காதான் காரணத்தைச் சொன்னாள், ஏதோ வெயிலடித்தால் துணி காயும் என்பதுபோல. "ஒரு பொண்ணு வெளிய நிக்குது. அது உள்ள போகாம பொழுது எப்படிச் சாயும்?" சொல்லிவிட்டு உடனே குரலைத் தாழ்த்தினாள். "ஆனா நீ போயிடாதடி என் கண்ணு. இப்பதான் நாலு பேரோட உக்காந்து பேசுறேன். நீ போனா இருட்டிடும்."

விடுதிக் கமிட்டித் தலைவர் அமலோர், ஓய்வுபெற்ற நொத்தேர், ஊருக்கெல்லாம் பத்திரம் எழுதிக் கொடுத்தவர், அவருக்குத் தூக்கம் வரவில்லை என்பதால் நடவடிக்கை எடுத்தார். கடிகாரத்தைத் திருத்திவிட்டால் சூரியன் தானாக இறங்கும் என்பது அவர் கட்சி. வாட்ச் கடை ஹமீது பாயை அழைத்து வந்தார். ஹமீது பாய் ஊரிலேயே பெரிய வாய்க்காரர், சுவிட்சர்லாந்துக்காரனே தன்னிடம் சந்தேகம் கேட்பான் என்று சொல்லிக்கொள்கிறவர். அவர் மேடத்தின் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"திருகு எங்கம்மா?"

"பின்னாடி இருக்கு. கழட்டினாத்தான் தெரியும்."

"அப்போ கழட்டுங்க."

"கழட்ட வரலையே. அன்னிக்குக் கட்டினதுலேர்ந்து வரல."

பாய் கொக்கியை நெம்பினார், சோப்பு போட்டார், தேங்காய் எண்ணெய் போட்டார், கடைசியில் கட்டரை எடுத்தார். கூந்தல்போலப் பின்னிய அந்தப் பொன்னிழையில் கட்டரின் பல் மழுங்கியது. "பிரெஞ்சுக்காரன் வேலைங்க இது," என்று பின்வாங்கினார், "பழிவாங்குறான்."

"பட்டையை அறுக்க முடியலன்னா வேற வழி பாருங்க," என்றார் நொத்தேர்.

"வேற வழின்னா? என் கையையா அறுக்கப்போறீங்க?" என்று மேடம் கையை மார்போடு இழுத்துக்கொண்டார்.

நான் பத்மாசனி மேடத்துக்காக வாதாட வரவில்லை. ஆனால் பார்த்ததைச் சொல்ல வேண்டும். ஆறரை ஆகாததால் அவர் வேலை முடியவில்லை, வேலை முடியாததால் வீட்டுக்குப் போகவில்லை. முத்தியால்பேட்டையில் அவருக்கு ஒரு கணவரும் ஒரு மாமியாரும் உண்டு. தினமும் கேட்டை மூடிவிட்டுப் புடவைக் கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடுவார், விளக்கு வைக்கிறதுக்குள் வீட்டில் இருக்கவேண்டுமாம். இப்போது அவர் கேட் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். நாங்கள் வாங்கி வந்த சுண்டலை முதலில் வேண்டாம் என்றார், அப்புறம் பொட்டலத்தைக் கவிழ்த்துத் தட்டித் தின்றார்.

பேரின்பம் அக்கா சொன்ன காரணம் காதுக்கு எட்டி, நொத்தேர் கடற்கரைக்கு வந்தார்.

"இந்தாம்மா, உள்ள வந்துடு. அந்தக் கடிதத்தைப் பத்தி அப்புறம் பேசிக்கலாம்."

"இப்பவே பேசலாம் சார். நான் லேட் இல்லைன்னு கமிட்டி சொல்லணும். எங்க அப்பாகிட்ட சொல்லணும்."

"அதெல்லாம் கமிட்டி கூடித்தான் முடிவு பண்ணணும். அடுத்த மாசம் கூட்டம் இருக்கு."

"அடுத்த மாசம் எப்ப சார் வரும்?"

நொத்தேர் சூரியனைப் பார்த்தார். "நீ உள்ள வந்தா வரும்," என்றார், உண்மையைச் சொல்லிப் பழக்கமில்லாத குரலில். கல்வரிசை முழுக்கப் பெண்கள் சிரித்த சிரிப்பில் காக்கைகள் இன்னொரு சுற்று சுற்றின.

அப்போதுதான் பக்கிரிசாமி வந்தார். வெளியூரில் நாட்கள் ஓடிக்கொண்டிருந்தன அல்லவா, கடிதம் நாகப்பட்டினம் போய்ச் சேர்ந்திருந்தது. சட்டைப்பையில் அதை நாலாக மடித்து வைத்துக்கொண்டு, பஸ்ஸில் ராத்திரியெல்லாம் வந்து, எல்லைத் தெருவில் இருட்டிலிருந்து மஞ்சள் வெயிலுக்குள் கால் வைத்து, கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்த மனிதர். மகளைப் பார்த்தார். மகளும் எழுந்து நின்றாள். உட்கார்ந்ததிலிருந்து முதல்முறையாக அவள் பயந்ததை நான் பார்த்தேன். அவர் ‘வா போகலாம்’ என்று ஒரு சொல் சொல்லிவிட்டால் எல்லாம் முடிந்தது, சூரியன் எங்கே நின்றால் என்ன.

அவர் மகளிடம் ஒன்றும் கேட்கவில்லை. டிரங்கைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, "எங்க அந்த விடுதி?" என்றார். ஊரே பின்னால் நடந்தது.

கேட்டுக்கு முன்னால் கடிதத்தைப் பிரித்தார். "ஐயா, நான் படிக்காதவன் இல்ல, எட்டாவது வரைக்கும் படிச்சிருக்கேன். எம் பொண்ணு ராத்திரி வெளிய தங்கினான்னு போட்டிருக்கீங்க."

"ஆமா," என்றார் நொத்தேர்.

பக்கிரிசாமி கையைப் புருவத்துக்குமேல் குடைபிடித்து மேற்கே பார்த்தார், தெருவைப் பார்த்தார், ஏற்றாத விளக்குக்கம்பங்களைப் பார்த்தார். "எந்த ராத்திரிங்க ஐயா?"

நொத்தேர் கடிதத்துக்குக் கை நீட்டினார். பக்கிரிசாமி அதைத் தரவில்லை.

"இங்க இன்னும் விளக்கே வைக்கலையே. எந்த ராத்திரின்னு காட்டுங்க, நான் எம் பொண்ணைக் கேக்குறேன்."

நொத்தேர் திரும்பி, "வார்டன்தானே எழுதினாங்க, அவங்களைக் கேளுங்க," என்றார்.

பத்மாசனி மேடம் ஸ்டூலிலிருந்து எழுந்தார். சுண்டல் பொட்டலம் மடியிலிருந்து விழுந்தது. "நீங்க சொல்லித்தான் எழுதினேன் சார்," என்றார். பிறகு எங்கள் யாரையும் பார்க்காமல், கேட் கம்பியைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "அவ நேரத்துக்குத்தான் வந்தா. சர்ச் மணி எனக்கும் கேட்டுது. முள்ளைத் தள்ளி வச்சது நான்தான். எனக்கு முன்னாடி இருந்தவங்க வச்சதுக்கு மேல நானும் வச்சேன். பஸ் போயிட்டா எங்க வீட்டுல கேப்பாங்க... மணி என்ன ஆச்சுன்னு தெரியுமான்னு."

க்ளுக் என்று ஒரு சத்தம். கழுகுத் தலை முத்திரை வைத்த கொக்கி தானாகத் திறந்துகொண்டது.

ஹமீது பாய் பாய்ந்து கையை நீட்டினார், நொத்தேரும் நீட்டினார். மேடம் இரண்டு கைகளையும் தாண்டி, கடிகாரத்தை அஞ்சலாட்சியின் உள்ளங்கையில் வைத்தார். "நீயே திருத்தும்மா."

அவள் அதைக் கவிழ்த்து, முதுகில் இருந்த தட்டைத் திருகை நகத்தால் நெம்பிப் பின்னோக்கித் திருப்பினாள். முதலில் இந்த வார்டன் தள்ளிவைத்தது போயிற்று, பிறகு முந்தினவர் வைத்தது, அதற்கும் முந்தினவர் வைத்தது, பெயர் தெரியாத வார்டன்கள் பாதுகாப்புக்காகத் திருடிய நிமிடமெல்லாம் ஒவ்வொன்றாகக் கழன்றது; தண்ணீர்த்தொட்டியின் தோளிலிருந்து சூரியன் மெல்ல எழும்பி ஒரு பனைமர உயரம் மேலே ஏறிக்கொண்டது. தெருவில் குலவை கிளம்பியது. பக்கிரிசாமி டிரங்கைக் கீழே வைத்தார். நொத்தேர், தன் வாழ்நாளில் முதல்முறையாகப் பத்திரம் இல்லாமல் வாய்வார்த்தையாக, எல்லோர் காதும் கேட்க, "உங்க பொண்ணு நேரம் தவறல. அறை அவளோடதுதான்," என்று பக்கிரிசாமியிடம் சொன்னார். அவர் சொன்னது தூக்கத்துக்காகத்தான், நியாயத்துக்காக இல்லை என்பது என் கருத்து. இருந்தாலும் சொன்னார்.

"சரி, முடிஞ்சுது. உள்ள வா, கேட்டை மூடலாம்," என்றார் உடனே.

பத்மாசனி மேடம் கடிகாரத்தை அஞ்சலாட்சியின் மணிக்கட்டில் வைத்துக் கட்டினார். கொக்கி பூட்டிக்கொண்டது. அந்த நொடியில்தான் எனக்குப் புரிந்தது, இத்தனை நாள் நான் பாதி வாதத்தை மட்டும் பேசியிருக்கிறேன் என்று. முதுகில் திருகு வைத்த கடிகாரத்தைக் கட்டியிருக்கிறவள் தன் நேரத்தைத் திருத்த முடியாது, சரி. ஆனால் அவள் கையில் இருக்கிறவரை வேறெவனும் திருத்த முடியாது.

அஞ்சலாட்சிக்கும் புரிந்திருக்க வேண்டும். "அப்பா, பெட்டியை உள்ள வச்சுட்டு வாங்க, டீ குடிக்கலாம்," என்றாள். அப்பாவோடு டீக்கடைக்குப் போனாள், பெஞ்சில் உட்கார்ந்து குடித்தாள். பேரின்பம் அக்காவின் கூடையில் இருந்த மிச்ச சங்கரா மீனை யார் வாங்குவது என்கிற வழக்கைத் தீர்த்துவைத்தாள். ஜவுளிக்கடைப் பெண்களோடு கடற்கரை முழுக்க ஒருமுறை போய், திருப்தியில்லாமல் மறுபடி போனாள். பத்மாசனி மேடம் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னாலேயே நடந்தார். "உள்ள போகப்போறியாடி?" என்று வழியெல்லாம் பெண்கள் கேட்டார்கள். "போவேன். என் அறை அது," என்றாள். "அவசரமில்ல," என்றும் சொன்னாள்.

கடைசியில் இருப்பதிலேயே நீளமான தெரு வழியாகச் சுற்றிக் கேட்டுக்கு வந்தாள். நொத்தேர் கண்ணெல்லாம் சிவந்து, சங்கிலியைக் கோதண்டம் அண்ணனிடமிருந்து தானே பிடுங்கி வைத்துக்கொண்டு நின்றார். அஞ்சலாட்சி வலதுகாலை வாசற்படிக்கு உள்ளே வைத்தாள். இடதுகால் தெருவில் இருந்தது. அப்படியே நின்று, திரும்பிப் பார்த்தாள். தெருமுனைவரை பெண்கள், அதற்கப்பால் கடல், எல்லாவற்றின்மேலும் அந்த மஞ்சள் வெயில்.

நொத்தேருக்குப் பொறுமை போய்விட்டது. அவரிடம் வேறு வார்த்தையும் இல்லை, அந்தப் பழைய வார்த்தையே வந்தது.

"ஏம்மா, மணி என்ன ஆச்சுன்னு தெரியுமா?"

அஞ்சலாட்சி கையை முகத்துக்கு நேரே உயர்த்தினாள், ஊரே பார்க்கும்படி மூடியைத் திறந்தாள், அந்த நீல முகத்தில் சாவகாசமாக மணி பார்த்தாள்.

"இன்னும் ஆகல சார்," என்றாள். "நான் இன்னும் உள்ள வரலையே."